எழுதக் கற்பித்தல்



சென்ற திங்களில் பிள்ளைகளின் வாசிப்புப் பழக்கத்தைப் பற்றிக் கூறினோம். எழுத்தைப் பற்றியும் கூறுமாறு தாய்மார் சிலர் கேட்டிருக்கின்றனர். அவர்களுள் ஒருவரின் குறை நம்மைச் சிந்திக்கச் செய்தது. பத்தாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகன், 'நான் விரும்பும் தலைவர்' என்னும் கட்டுரையை ஒற்றுப்பிழைகூட இன்றி எழுதி நல்ல மதிப்பெண் பெறுகிறான். தெருக்குழாயில் பதினைந்து நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று பேரூராட்சிக்கு ஒரு மனு எழுதச் சொன்னாராம். "தெருவிளக்கு எரியவில்லை என்ற மனுதான் மனப்பாடம் செய்திருக்கிறேன், தண்ணீருக்கு இல்லையே, அம்மா" என்றானாம் பையன். இறுதியில் அந்த அம்மையார் அலுவலக வாயிலில் மனு எழுதிக்கொடுப்பவரிடம் பணம் கொடுத்து எழுதுவித்தார். பத்தாண்டு பள்ளிப்படிப்புக்குப் பின்பும் சொந்த வீட்டுத் தாகத்தைச் சொல்லப் பிறர் கையை நாட வேண்டியிருக்கிறது.

பையனைக் குறைகூற நாம் விரும்பவில்லை. பார்த்து எழுதக் கற்பித்தோம். பின்பு பாராமல் எழுதக் கற்பித்தோம். தானாக எழுதக் கற்பித்தோமா?

முதற்படியில் கற்பிப்பது எப்படி என்பதை, விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த புனித எரோணிமுஸ் கூறியிருக்கிறார். கி.பி. 403-ஆம் ஆண்டளவில் பெத்லகேமிலிருந்து உரோமையிலுள்ள லேத்தா என்னும் தாய்க்கு அவர் எழுதிய மடல், அவளுடைய சின்னஞ்சிறு மகள் பவுலாவை வளர்க்கும் முறை பற்றியது. மரத்திலோ தந்தத்திலோ எழுத்துகளைச் செய்து விளையாடக் கொடு. எழுத்துகளின் வரிசையைப் பாட்டாகச் சொன்னால் போதாது, வரிசையைக் கலைத்துப் போட்டாலும் கண்ணால் கண்டு சொல்ல வேண்டும் என்கிறார். நம் வீடுகளில் 'அ, ஆ, இ, ஈ' என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கும் குழந்தை, நடுவில் 'ஐ'யைத் தொட்டுக் காட்டினால் விழிப்பதை யார்தாம் கண்டதில்லை! எழுதத் தொடங்கும்போது நடுங்கும் கையை மேலிருந்து பிடித்துக்கொள். அன்றேல் பலகையில் எழுத்தைக் குழிவாகச் செதுக்கி, எழுத்தாணி அக்குழியை விட்டு விலகாமல் ஓடச் செய் என்கிறார். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரல் பிடித்து எழுதுவித்ததும் இதே கருத்தில்தான்.

அவர் அழுத்திச் சொல்வது வேறொன்று. குழந்தை மெதுவாகக் கற்றால் கடிந்துகொள்ளாதே, புகழ்ந்து ஊக்கு, உடன் பயிலும் தோழியரைச் சேர்த்துவிடு, பாடத்தின்மேல் இளமையில் உண்டாகும் வெறுப்பு வளர்ந்த பின்னும் நீங்காது போகலாம். கடுஞ்சொல்லுக்குப் பெயர்போன புனிதர் இதைச் சொல்வதால், நமக்கு இது இரட்டிப்பு மதிப்புடையதாகத் தோன்றுகிறது.

அடுத்த படிக்குப் பிரான்சு நாட்டுப் புனித தெ லசாலிடம் செல்வோம். கைவினைஞர், ஏழைகள் ஆகியோரின் பிள்ளைகளுக்காக அவர் நடத்திய பள்ளிகளில், நன்றாக வாசிக்கத் தேர்ந்தவர்களுக்கே எழுத்து கற்பிக்கப்பட்டது. கை தேறியபின் மாணவர் பார்த்து எழுதியவை யாவை? கடன் பத்திரம், பற்றுச்சீட்டு, வேலை ஒப்பந்தம், குத்தகைச் சீட்டு. பின்னர் அவற்றைத் தாமாகவே எழுத வேண்டும். தந்தையின் பட்டறையில் நாளைக்கே தேவைப்படும் எழுத்து அது. எழுதக் கற்பிக்கும் உரிமை தங்களுக்கே உரியதென்று பாரிசு நகரின் எழுத்தாசிரியர்கள் 1704-இல் அவர்மேல் வழக்குத் தொடுத்தனர். ஏழையின் கையில் பேனா ஏறினால் யாருக்கோ வருவாய் குறையத்தான் செய்கிறது.

ஆயினும் நம் பையனின் நோய்க்கு ஏற்ற மருந்து இத்தாலிய மலைச்சிற்றூர் ஒன்றில் கிடைக்கிறது. புளோரன்சுக்கு வடக்கே, மலைமேலிருந்த பார்பியானா என்னும் சிறு பங்குக்கு 1954-இல் லொரென்சோ மிலானி அடிகளார் அனுப்பப்பட்டார். சாலையில்லை, மின்சாரமில்லை, சிதறிய சில குடியானவர் வீடுகள். அரசுப் பள்ளியில் தவறிய பிள்ளைகளைத் திரட்டி, பங்கு இல்லத்திலேயே நாள் முழுதும், விடுமுறையின்றிப் பாடம் நடத்தினார். சொல்லத் தெரியாதவனே ஏழை என்பது அவருடைய உறுதி. அப்பிள்ளைகள் கூட்டாக எழுதிய 'ஓர் ஆசிரியைக்கு மடல்' என்னும் நூல் 1967-இல் வெளிவந்து, இத்தாலி நாட்டின் கல்வியாளரையே உலுக்கியது. அதே ஆண்டு சூன் 26-இல், தம் 44-ஆம் வயதில் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். வாழ்நாளில் மேலோரின் மனத்தாங்கலுக்கு ஆளான அவருடைய கல்லறையில், திருத்தந்தை பிரான்சிசு 2017-இல் நேரில் வந்து செபித்தார்.

அவர்கள் எழுதிய முறையை அந்நூலிலேயே விளக்கியிருக்கின்றனர். ஒவ்வொருவரும் சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு வைத்திருப்பர். தோன்றிய எண்ணத்தை ஒரு தாளுக்கு ஒன்றாக, ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுவர். பின்பு எல்லாத் தாள்களையும் பெரிய மேசைமேல் பரப்பி, இருமுறை வந்ததை நீக்கி, இனம் பார்த்துக் குவிப்பர். பெரிய குவியல் ஓர் அதிகாரம். அதனுள் சிறு குவியல் ஒரு பத்தி. பத்திக்குத் தலைப்பிட முயல்வர். தலைப்பு அமையவில்லையென்றால், அதில் ஒன்றுமில்லை அல்லது ஒன்றுக்கு மேற்பட்டவை புகுந்துவிட்டன என்று பொருள். அதன்பின் கத்தரியும் பசையும் வேலை செய்யும். வேண்டாத சொல்லை யார் முதலில் கண்டுபிடிப்பது என்று போட்டி. ஒரே பொருளை இருமுறை சொன்னது, பேச்சில் வழங்காத கடினச் சொல், மூச்சு முட்டும் நெடுந்தொடர் எல்லாம் வெட்டுண்ணும். கடைசியாக வெளியார் சிலரை, அதிகம் படிக்காதவராகப் பார்த்து அழைத்து, வாசித்துக் காட்டச் சொல்வர். தாங்கள் கருதியதே அவர்களுக்கு விளங்கியதா என்று கவனிப்பர். தெளிவுக்காகக் கூறிய திருத்தத்தை ஏற்பர். 'இப்படிச் சொன்னால் பொல்லாப்பாகும்' என்ற திருத்தத்தை ஏற்கமாட்டார். எழுதி முடிக்கக் காலவரையறையும் கிடையாது. முக்கால் மணியில் மூன்று பக்கம் கேட்கும் நம் தேர்வுகளுக்கு இது எவ்வளவு தொலைவு!

இவற்றுக்கெல்லாம் முன்பாக அவர்கள் இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும்: பலருக்கும் பயன்படக்கூடிய எதைச் சொல்லப்போகிறோம்? யாருக்குச் சொல்லப்போகிறோம்? விரும்பும் தலைவரைப் பற்றிய கட்டுரைக்கு இவ்விரண்டும் இல்லை. தண்ணீர் மனுவுக்கு இரண்டும் உண்டு.

ஆகவே அந்த அம்மையாருக்கு நாம் கூறுவது இதுவே. குழாய் மீண்டும் வற்றுமாயின் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். மாலைச் செபம் முடிந்ததும் மகனையும் அண்டை வீட்டாரையும் திண்ணையில் அமர்த்துங்கள். எந்த நாளிலிருந்து நீர் இல்லை, எத்தனை குடும்பங்கள், எத்தனை தொலைவு நடந்து குடம் சுமக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும்; பையன் துண்டுத் தாள்களில் குறிக்கட்டும். 'பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுவது யாதெனில்' என்பது வந்தால் கத்தரிக்கு இரையாக்குங்கள். எழுதியதை எழுத்தறியாத பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் 'என்னடா சொல்றே?' என்று கேட்கும் இடத்தைத் திருத்துங்கள். முடிந்ததும் படியொன்றை நமக்கும் அனுப்பினால் மகிழ்வோம். வீடுகளின் எண்ணிக்கையைக் குறிக்க மறக்க வேண்டாம்.