ஐந்தருவியும் ஐயாறும்

குற்றாலத்துப் பேரருவியிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், திரிகூட மலையின் மடியில் இருக்கிறது ஐந்தருவி. சாரல் காலத்துக் கூட்டம் இல்லாத ஒரு மார்கழிக் காலையில் அங்கு நீராடச் சென்றிருந்தேன். வடகிழக்குப் பருவமழையின் தயவால் ஐந்து கிளைகளிலும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நீராடித் திருநீறு அணிந்து திரும்புகையில், எங்கள் தெருவில் வசிக்கும் அம்மையார் ஒருவர் எதிர்ப்பட்டார். என்னைவிட இரண்டு வயது இளையவர். கணவர் மறைந்தபின் கோயிலும் வானொலியுமே அவருக்குத் துணை.

"அண்ணாச்சி, இந்தத் தடவை திருவையாறு ஆராதனைக்குப் போயிட்டு வரலாம்னு இருக்கேன்" என்றவர், தமக்குப் பிரியமான பாடகி ஒருவரின் பெயரைச் சொன்னார். "அவங்களும் பஞ்சரத்னம் பாட வருவாங்களாம். எத்தனை வருசமா ரேடியோவுல கேக்கேன்! முகத்தை ஒரு தடவை கண்ணால பாத்துட்டாப் போதும். பாக்க முடியுமா அண்ணாச்சி?"

முடியும் என்று உறுதி கூற எனக்கு நா எழவில்லை. முடியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. இதே கேள்வியை நாற்பது ஆண்டுகளுக்கு முன் என் தாயார் என்னிடம் கேட்டிருந்தார்கள்.

அன்பர்கள் பலர் அறிந்ததுதான் எனினும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சத்குரு ஸ்ரீ தியாகராஜ சுவாமிகள் 1847-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், புஷ்ய பகுள பஞ்சமித் திதியில் திருவையாற்றில் சித்தியடைந்தார். ஆண்டுதோறும் அத்திதியில், காவிரிக் கரையிலுள்ள அவரது சமாதியில் ஆராதனை நிகழ்கிறது. அன்று காலை நாகசுர மங்கல இசைக்குப் பின், புல்லாங்குழல் கலைஞர்கள் பைரவி ராகக் கீர்த்தனை ஒன்றை இசைப்பார்கள். அதன்பின் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து ராகங்களில் அமைந்த பஞ்சரத்னக் கீர்த்தனைகளை வித்வான்களும் விதுஷிகளும் எதிரெதிர் வரிசைகளில் அமர்ந்து ஒருமித்துப் பாடுவார்கள். ஐந்தும் ஆதி தாளத்தில் அமைந்தவை. மற்ற நாள்களில் தனித்தனி மேடைகளில் தலைமைப் பாடகர்களாக வீற்றிருப்போர் அன்று தரையில், கோஷ்டியில் ஒருவராக அமர்கிறார்கள். அந்தக் காட்சியைக் காணத்தான் ஊர் ஊராய் ரசிகர்கள் வருகிறார்கள்.

1984-ஆம் ஆண்டு. அப்போது நான் தஞ்சாவூரில் வங்கி எழுத்தராகப் பணியில் சேர்ந்திருந்த புதிது. தஞ்சையிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர்தான் என்று கேள்விப்பட்டதும், தென்காசியிலிருந்து என் தாயார் புறப்பட்டு வந்துவிட்டார்கள். முழங்கால் வலியுடன் ரயிலிலும் பேருந்திலும் மாறி மாறி வந்த பயணம் அது.

அம்மாவுக்கு மகாராஜபுரம் சந்தானம் அவர்களின் குரல் என்றால் உயிர். அவர் பாடிய 'போ சம்போ' வானொலியில் ஒலித்தால் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நிற்பார்கள். குற்றாலத்துச் சித்திர சபையின் முன் நிற்கும்போது அந்தப் பாட்டைத்தான் வாய்க்குள் முணுமுணுப்பார்கள். அம்மா சிறுமியாக இருந்தபோது பாகவதர் ஒருவரிடம் முறையாகப் பாட்டுக் கற்றவர்கள். திருமணத்துக்குப் பின் அது நவராத்திரிக் கொலுவோடும் ஊஞ்சல் பாட்டோடும் நின்றுபோயிற்று. நாலு பேர் கேட்க அம்மா வாய்விட்டுப் பாடி நான் கேட்டதே இல்லை.

"ஐயா, சந்தானத்தைப் பக்கத்துல பாக்க முடியுமா?" என்று கேட்டார்கள். எங்கள் வங்கி வாடிக்கையாளர் ஒருவர் முன்பக்கத்தில் இடம் வாங்கித் தருவதாக எனக்கு வாக்களித்திருந்தார். ஆகவே, "முகத்துக்கு நேரே உட்கார்ந்து பார்க்கலாம் அம்மா" என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆராதனை நாளன்று விடிவதற்குள் திருவையாறு சேர்ந்தோம். வாக்களித்தவரைத் தேடித் தேடிக் கால் ஓய்ந்ததுதான் மிச்சம். பந்தல் அதற்குள் நிறைந்துவிட்டது. முன்னே செல்ல முயன்றபோது தொண்டர் ஒருவர் கைகூப்பித் தடுத்துவிட்டார். கடைசியில் ஒரு கம்பத்தின் ஓரமாக இடம் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் முதுகுகளும் குடுமிகளும் பூச்சூடிய கூந்தல்களும்தான் தெரிந்தன. சந்தானம் வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார் என்று அருகிலிருந்தவர் சொன்னார். நான் எம்பி எம்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு எதையும் வரவு செலவாகப் பார்க்கும் புத்தி. விடுப்பு ஒரு நாள், பயணச் செலவு இவ்வளவு, அம்மாவின் கால்வலி இவ்வளவு, வரவு பூஜ்யம் என்று மனத்துக்குள் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். நாட்டை முடிந்ததும் தெரியவில்லை. கௌளை முடிந்ததும் தெரியவில்லை.

ஆரபி தொடங்கியபோது என் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அம்மா பாடிக்கொண்டிருந்தார்கள். தொடையில் தாளம் போட்டபடி, கண்களை மூடிக்கொண்டு, ஒரு சரணமும் விடாமல், வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். முன்னும் பின்னும் இருந்த முன்பின் அறியாத பெண்களும் பாடிக்கொண்டிருந்தார்கள். வராளி வந்ததும் அம்மா வாயை மூடிக்கொண்டார்கள். தாளம் மட்டும் நிற்கவில்லை. அந்த ராகத்தைக் குரு நேரே கற்பிப்பதில்லை என்பது பழைய நம்பிக்கை. "வாத்தியார் சொல்லித் தரலை" என்று என் காதில் மெல்லச் சொன்னார்கள். ஐந்தாவதான ஸ்ரீ ராகக் கீர்த்தனை தொடங்கியதும் மறுபடி குரல் எழுந்தது. உலகிலுள்ள மகான்கள் அனைவரையும் வணங்கும் அந்தக் கீர்த்தனையில் பந்தல் முழுவதுமே சேர்ந்துகொண்டது. எது வித்வானின் குரல், எது வெற்றிலைக் கடைக்காரரின் குரல் என்று பிரித்தறிய எவராலும் இயன்றிருக்காது.

திரும்பும் வழியில் பேருந்தில் நான், "மன்னிச்சுக்கோங்கம்மா, அவரைப் பார்க்க முடியாமப் போச்சு" என்றேன்.

அம்மா சிரித்தார்கள். "பாக்கத்தானல வந்தேன்? இன்னைக்கு அவர்கூடச் சேந்து பாடிட்டேனே!" என்றார்கள்.

எனக்கு அன்று அதன் கனம் புரியவில்லை. ஆராதனையின் வரலாற்றைப் பின்னாளில் படித்தபோதுதான் புரிந்தது. தொடக்க காலத்தில் ஆராதனை, கட்சிகளாகப் பிரிந்து நடந்துவந்தது. பெண்கள் சமாதியில் பாட இடமில்லை. தேவதாசி மரபில் தோன்றிய பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் நகைகளையும் உடைமைகளையும் விற்று, சுவாமிகளுக்கு அங்கே கோயில் எழுப்பினார். தாம் எழுப்பிய கோயிலிலேயே பாட உரிமையற்றிருந்த அவர், பெண்களைத் திரட்டித் தனியே பாடவைத்தார். 1940-ஆம் ஆண்டையொட்டிக் கட்சிகள் ஒன்றாயின. பெண்களுக்கும் இடம் கிடைத்தது. பஞ்சரத்னத்தை அனைவரும் ஒன்றாகப் பாடும் வழக்கமும் அந்த ஒற்றுமையை ஒட்டித்தான் நிலைபெற்றது. அதற்காக முயன்ற பெரியோர்களில் நம் நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் ஒருவர் என்பது நமக்குப் பெருமை. இன்றும் சுவாமிகளின் சமாதிக்கு எதிரே நாகரத்தினம்மாளின் நினைவிடம் இருக்கிறது. திருவையாறு செல்பவர்கள் அங்கும் ஒரு கணம் நின்று வணங்கிவிட்டு வர வேண்டும்.

ஆக, அந்தக் கோஷ்டி கானம் பெரிய பாடகர்களை ஒரே இடத்தில் காட்டுவதற்காக ஏற்பட்டதன்று. யார் முந்தி, யார் பிந்தி என்ற வழக்கு ஒழியவேண்டும் என்று ஏற்பட்டது. அங்கே போய் ஒருவரை மட்டும் பிரித்துக் காண முயன்ற நான் ஏமாந்ததில் வியப்பென்ன?

அதற்காகப் பிரியமானவரைக் காணவேண்டும் என்ற ஆசையைக் குறைகூற மாட்டேன். தரிசனம் என்பதே காண்பதுதானே! திருநாவுக்கரசு சுவாமிகளுக்கும் அத்தகைய ஆசைதான் இருந்தது. கயிலைக் கோலத்தைக் கண்ணால் காண வேண்டும் என்று தள்ளாத வயதில் வடதிசை நடந்தார். பாதங்கள் தேய்ந்தபின் கைகளால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார். இறைவனோ, அங்குள்ள பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுக என்று பணித்தார். அவ்வாறே எழுந்த அப்பர் பெருமான், களிறும் பிடியுமாக, சேவலும் பெடையுமாக வந்த உயிர்களிலெல்லாம் அம்மையப்பரைக் கண்டார். ஆடி அமாவாசையன்று ஐயாறப்பர் கோயிலில் இன்றும் அந்தக் கயிலைக் காட்சி விழா நிகழ்கிறது. தேடிய இடத்தில் கிட்டாத காட்சி, சாதாரண உயிர்களின் நடுவே கிட்டியது. அதே ஊரில் என் தாயாருக்குக் கிடைத்ததும் அத்தகையதொரு பிரசாதம் என்றே நினைக்கிறேன்.

1992-ஆம் ஆண்டு மகாராஜபுரம் சந்தானம் சாலை விபத்தில் காலமான செய்தி வந்தபோது, அம்மா வெகுநேரம் பேசவில்லை. "என்கூடப் பாடினவரு" என்று மட்டும் சொன்னார்கள். அன்று மாலை விளக்கேற்றி, ஸ்ரீ ராகக் கீர்த்தனையைத் தனியாகப் பாடினார்கள்.

இவ்வளவையும் ஐந்தருவிப் படிக்கட்டில் நின்றபடி அந்த அம்மையாரிடம் சொன்னேன். பின்னர் அனுபவத்தில் கண்ட சில யோசனைகளையும் கூறினேன். திருவையாறு செல்ல விரும்பும் மற்ற அன்பர்களுக்கும் அவை பயன்படலாம். முதல் நாளே தஞ்சையில் தங்கிவிடுங்கள். விடியுமுன் பந்தலுக்குச் சென்றுவிடுங்கள். தரையில் அமர இயலாதவர்கள் ஓரமாக இடம் தேடிக்கொள்வது நலம். மருந்தும் குடிநீரும் கைப்பையில் இருக்கட்டும். கைப்பேசியை உயர்த்திப் படமெடுப்பதில் பொழுதைப் போக்காதீர்கள்; பின்னால் இருப்பவருக்கும் மறைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்தில் ஒன்றையேனும் பாடம் செய்துகொண்டு போங்கள். பயணம் இயலாதவர்கள் வானொலி, தொலைக்காட்சி நேரடி ஒலிபரப்பின்போது வீட்டிலிருந்தபடியே சேர்ந்து பாடலாம்.

"எனக்குத் தெலுங்கு தெரியாதே அண்ணாச்சி" என்றார் அவர்.

"என் அம்மாவுக்கும் தெரியாது" என்றேன். அம்மா தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்த பாட்டு நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நான்கு கீர்த்தனைகள் அதில் உள்ளன. வராளிக்கு விட்ட பக்கங்கள் மட்டும் இன்னும் வெற்றாகவே இருக்கின்றன. மறுநாள் அதை நகலெடுத்து அவரிடம் கொடுத்தேன்.

இப்போது எங்கள் தெருவில் விடியற்காலையில் ஆரபி கேட்கிறது. சுருதி சில இடங்களில் விலகத்தான் செய்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை. திருவையாற்றில் அத்தனை குரல்களோடு சேரும்போது அது சரியாகிவிடும்.