கருவேலமரம் பெயரிழந்த கதை

சென்ற அரைப் பரீட்சையில் ஒரு பையனுக்கு நான் அரை மதிப்பெண் குறைத்தேன். கருவேலமரத்தின் சாஸ்திரப் பெயரை 'வாச்செல்லியா நிலோடிகா' என்று எழுதியிருந்தான். 'அக்கேஷியா அல்லவோ?' என்று சிவப்பு மையால் அடித்துவிட்டேன். பிறகு புஸ்தகங்களைப் புரட்டிப் பார்த்ததில், தவறு செய்தவன் நானே என்று தெரிந்தது.

பழைய தாவர சாஸ்திரிகள் பூவைப் பார்த்தே உறவு சொன்னார்கள். கணக்கற்ற கேசரங்கள் தனித்தனியாய் நீண்டு, பூக்கள் உருண்டையாகவோ கதிராகவோ திரண்டு நின்றால், அது அக்கேஷியா. இவ்வாறு கருவேல், வெள்வேல், செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் நாம் வாங்கும் சீயக்காய், நீலகிரியில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து நட்ட வாட்டில் எல்லாம், ஆயிரத்துச் சொச்சம் இனங்களோடு ஒரே கூரையின் கீழ் அடைபட்டுக் கிடந்தன. கருவேலுக்கு நேரான இரட்டை முள். சீயக்காய்க்குக் கொக்கி முள். ஆஸ்திரேலிய வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு முள்ளே கிடையாது. சந்தேகம் இருந்ததே தவிர, சாட்சி இல்லை.

சாட்சி சொன்னது டி.என்.ஏ. இலையின் பசுங்கணிகத்திலிருந்து ஒரு மரபணுவை எடுத்து, நான்கே எழுத்துக்களாலான அதன் நீண்ட வரிசையை மரத்துக்கு மரம் ஒப்பிடுகிறார்கள். வேற்றுமை குறைந்தவை கிட்டிய பங்காளிகள். அப்படிப் பார்த்தபோது, ஆஸ்திரேலியக் கூட்டத்துக்குக் கருவேலைக் காட்டிலும் வாகையின் கூட்டமே நெருங்கிய உறவு என்று ஏற்பட்டது! குடும்பம் பாகம் பிரிந்தே ஆகவேண்டியதாயிற்று.

அக்கேஷியா என்ற பெயர் யாருடைய பாகத்துக்கு? மூலமாதிரி எந்தப் பக்கமோ, பெயரும் அந்தப் பக்கமே என்பது விதி. மூலமாதிரியோ நைல் நதிக் கருவேல். ஆனால் ஆஸ்திரேலியப் பக்கத்தில் சுமார் ஆயிரம் இனங்கள். அத்தனைக்கும் புதுப் பெயர் சூட்டுவது சிரமம் என்றார்கள். மூலமாதிரியையே மாற்றிவிடலாம் என்று ஒரு கமிட்டி சிபாரிசு செய்தது. 2005-ல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டில் அதற்கு எதிராக நூற்றுக்குச் சுமார் 55 வாக்குகள் விழுந்தன. இருந்தும், சிபாரிசைத் தள்ளுவதற்கு 60 வேண்டுமாம்! 2011-ல் அடுத்த மாநாடு அதையே ஊர்ஜிதம் செய்தது. அம்மாநாடு கூடிய ஊர் மெல்போர்ன் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

உறவுமுறையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெயர் விஷயத்தில்தான் மனத்தாங்கல். சீயக்காய் 'செனகாலியா' ஆயிற்று. கருவேலுக்குக் கிடைத்த 'வாச்செல்லியா', சென்னை ராஜதானியில் வைத்தியராயிருந்த ராபர்ட் வைட்டும் ஆர்னட் என்பவரும் 1834-ல் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி வெளியிட்ட நூலில் கஸ்தூரி வேலுக்காக ஏற்படுத்திய பெயர். மக்காவில் இருந்த வாச்செல் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் ஞாபகார்த்தமாம்!

பையனுக்கு அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். "அக்கேஷியா என்று எழுதினவர்களுக்கு, ஸார்?" என்று கேட்டான். அவர்களுக்குக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.