சம்பளத்தில் பிடித்தார்கள், பென்ஷன் எங்கே?

கோலார் தங்கவயலில் மாதச் சம்பளக்காரர் இருவர் சந்தித்தால் பேச்சு பி.எப்.பில் வந்து நிற்கும். "எப்போது எடுக்கலாம்?" என்பதே கேள்வி. "எடுக்காமல் விட்டால் என்ன கிடைக்கும்?" என்று கேட்பவர் குறைவு. இதற்குத் தொழிலாளியைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. அது நியாயமல்ல. திட்டத்தை அமைத்த விதமும், அதை விளக்காமல் விட்ட விதமும்தான் காரணம்.

கணக்கைப் பார்ப்போம். 2014 செப்டம்பரில் வகுத்த உச்சவரம்பான 15 ஆயிரம் ரூபாயையே சம்பளமாகக் கொள்வோம். தொழிலாளியிடம் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளியும் 1,800 கட்டுகிறார். ஆனால் அதில் 1,250 ரூபாய் பென்ஷன் நிதிக்குப் போய்விடுகிறது. 550 மட்டுமே பி.எப். கணக்கில் ஏறுகிறது. "கம்பெனிக்காரன் பாதிகூடக் கட்டவில்லை" என்ற புகார் இதிலிருந்து பிறப்பதுதான். அந்த 1,250 எங்கே போனது என்று யாரும் சொல்வதில்லை.

பென்ஷனுக்கு வேறு கணக்கு. சராசரிச் சம்பளத்தைச் சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். பத்து வருடத்துக்கு மாதம் 2,143 ரூபாய். முப்பது வருடம் என்றால், இரண்டு வருடச் சலுகையும் சேர்ந்து 6,857. ஆக, இங்கே பெறுமானம் வருடங்களுக்குத்தான்.

மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் போகும் நம்மவர்களின் நிலை என்ன? மூன்று வருடம் ஒரு கம்பெனி, நாலு வருடம் ஒரு காண்டிராக்டர். ஒவ்வொரு முறை விலகும்போதும் பி.எப்.போடு பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடுகிறார்கள். எடுத்தவுடன் சர்வீஸ் பூஜ்யம். இருபது வருடம் உழைத்தும் பென்ஷனுக்குத் தேவையான பத்து வருடம் சேராது. பணத்தை எடுக்காமல் 'ஸ்கீம் சர்டிபிகேட்' வாங்கி வைத்தால் பழைய சர்வீஸ் அடுத்த வேலையோடு சேரும். இதைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது.

கோளாறு இங்கேதான். பிடித்தம் தானாக நடக்கிறது, அதில் தவறுவதில்லை. தொழிலாளி கேட்டுப் பெற வேண்டியவை எல்லாம் தவறிப்போகின்றன. மனித சுபாவம் எங்கும் இதுதான். பிரிட்டனில் 2012 முதல் தொழிலாளரைப் பென்ஷனில் தானாகச் சேர்த்து, வேண்டாதவர் விலகலாம் என்றார்கள். பத்தில் ஒன்பது பேர் விலகாமலே இருந்துவிட்டார்கள். இந்தச் சுபாவத்தை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ரிச்சர்ட் தேலருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

தங்கச் சுரங்கத்தின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1971இல் வந்தது குடும்பப் பென்ஷன். தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு உதவும். உயிரோடு ஓய்வு பெறுபவருக்கு மாதப் பென்ஷன் என்பது 1995 நவம்பர் 16இல்தான் வந்தது. பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. புதிய திட்டத்தில் ஐந்து வருடச் சர்வீஸ்தான். அதற்கு முந்தைய வருடங்களுக்கு மிகச் சிறிய நிலைத் தொகை. ஐம்பது வயதிலேயே பென்ஷன் வாங்கலாம் என்ற வசதியும் உண்டு. ஆனால் முந்துகிற ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வெட்டு. அது ஆயுள் முழுவதும் தொடரும். வேலை போன வீட்டில் எட்டு வருடம் பொறு என்று யார் சொல்வது?

2014 செப்டம்பரில் குறைந்தபட்சப் பென்ஷன் ஆயிரம் ரூபாய் என்றார்கள். பத்து வருடம் கழித்து 2024இலும் அதே ஆயிரம்தான்.

முழுச் சம்பளத்துக்கும் பென்ஷன் பெற, முதலாளியும் தொழிலாளியும் கூட்டாக விருப்பம் எழுதித் தர வேண்டும் என்று 1996இல் ஒரு விதி வந்தது. அது எத்தனை தொழிற்சாலை நோட்டீஸ் போர்டில் ஏறியது? 2022 நவம்பர் 4இல் சுப்ரீம் கோர்ட் இன்னொரு வாய்ப்பு தந்தது. ஆனால் விருப்பம் எழுதாமல் 2014 செப்டம்பருக்கு முன்பே ஓய்வு பெற்றவர்களுக்கு அது இல்லை. சுரங்கம் மூடியபோது வெளியேறியவர்கள் அந்தக் கூட்டத்தில்தான் சேர்கிறார்கள்.

விளக்காமல் உத்தரவு போட்டால் என்ன ஆகும் என்பதை 2016இல் பெங்களூர் கண்டது. 58 வயது வரை முதலாளி பங்கை எடுக்க முடியாது என்று பிப்ரவரியில் அறிவிப்பு. ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஓசூர் ரோட்டை மறித்தார்கள். 19ஆம் தேதியே உத்தரவு வாபஸ். முதுமைக்குச் சேமிக்கச் சொன்னது தவறல்ல. ஆனால் மகள் கல்யாணத்துக்கும் வைத்தியச் செலவுக்கும் வேறு கையிருப்பு இல்லாதவரிடம், அவர் பணத்தைப் பூட்டிவிட்டுக் காரணமும் சொல்லாமல் இருந்தால் அவர் எப்படி நம்புவார்?

2025 அக்டோபர் 13இல் பி.எப். மத்திய வாரியம் மீண்டும் விதிகளை மாற்ற முடிவெடுத்தது. அவசரத்துக்குப் பகுதிப் பணம் எடுப்பது எளிதாகும். வேலை போனபின் பென்ஷன் பணத்தை எடுக்கக் காத்திருக்கும் காலமோ இரண்டு மாதத்திலிருந்து 36 மாதமாக உயரும். முன்னது இனிப்பு, பின்னது கசப்பு. சர்வீஸைக் காப்பாற்ற இது உதவும் என்பதே நம் கருத்து. அதை ஆங்கிலச் சுற்றறிக்கையில் எழுதி வைத்தால் போதாது. கன்னடத்திலும் தமிழிலும் சம்பளச் சீட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அதுவரை நம்மவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்றுண்டு. தமிழர் பெயரில் இன்ஷியல் முன்னே ஓரிடத்தில், பின்னே ஓரிடத்தில், அப்பா பெயர் முழுதாக இன்னோரிடத்தில் என்று இருக்கும். ஆதாரிலும் பி.எப். கணக்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகாவிட்டால் மனு திரும்பிவிடும். வேலையில் இருக்கும்போதே திருத்துவது சுலபம். கம்பெனி மூடிவிட்டால் கையெழுத்துக்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும்.