ஆசிரியைகளும் மாணவியராகலாமே!



"கணினி வந்தது, கல்வி வளர்ந்தது" என்று பேச்சுப் போட்டி மேடையில் முழங்காத மாணவி நம்மில் யார்? திரை, கணினி, கைப்பேசி என்று கருவிகளின் பெயர்களை அடுக்கினால் கைதட்டல் நிச்சயம். ஆனால் அந்தக் கருவிகளைக் கொண்டு பாடம் நடத்த வேண்டிய ஆசிரியை அதற்கென எங்கே படித்தார், எத்தனை நாள் படித்தார் என்ற கேள்வி எந்த மேடையிலும் எழுவதில்லை. கருவி வாங்க லட்சக்கணக்கில் செலவிடுவோர், அதைக் கொண்டு கற்பிக்கும் முறைக்கு ஒரு பிற்பகல் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். விற்க வந்தவர் பொத்தான்களைக் காட்டிவிட்டு, தேநீர் அருந்திவிட்டுப் போய்விடுகிறார். வீணையை வாங்கிக் கூடத்தில் வைத்துவிட்டால் கச்சேரி நடந்துவிடுமா?

பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து இதுதான்: எந்தப் பள்ளியானாலும் கருவிகளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, ஆசிரியைகள் கல்வித் தொழில்நுட்பவியலில் பட்டமேற்படிப்புப் படிப்பதற்காக ஒதுக்க வேண்டும். ஆண்டுக்கு ஓர் ஆசிரியை சென்று வந்தாலும் போதும்.

இப்படிச் சொன்னதும் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. "சுவிட்சைப் போடுவதற்கு ஒரு பட்டமா?" என்பார்கள். சுவிட்சைப் போடுவது எங்கள் தம்பி தங்கையருக்கே தெரியும். இப்படிப்பு அதைப் பற்றியதன்று. இந்தப் பாடம் முடியும்போது மாணவி எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்? அதற்கு முன் அவளுக்கு என்ன தெரியும்? எந்த இடத்தில் தடுமாறுவாள்? அங்கே படம் உதவுமா, பேச்சு உதவுமா, கையால் செய்து பார்ப்பதா? அவளுக்குப் புரிந்தது என்பதை எப்படி அறிவது? இவற்றையெல்லாம் தீர்மானித்த பிறகே கருவியைத் தேடுவது இக்கல்வியின் முறை.

இதற்கு ஒரு தந்தையின் கதை நல்ல சான்று. அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் 1953ஆம் ஆண்டு தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கச் சென்றார். பின் பெஞ்சில் அமர்ந்த அவர் கண்ணில் இரண்டு குறைகள் பட்டன. விரைவாகப் போடுகிற பிள்ளையும் தயங்குகிற பிள்ளையும் ஒரே வேகத்தில் போக வேண்டியிருந்தது. போட்ட கணக்கு சரியா தவறா என்பது உடனே எவருக்கும் தெரியவில்லை. அதன் பிறகுதான் அவர் ஒரு கற்பிக்கும் இயந்திரத்தைச் செய்தார். ஒரு கேள்விக்கு விடை எழுதியதும் சரியான விடை தெரியும். அடுத்த கேள்விக்கு அவரவர் வேகத்தில் போகலாம். அந்த இயந்திரம் இன்று பொருட்காட்சிச் சாலைப் பொருளாகிவிட்டது. ஆயினும், முதலில் வகுப்பில் உட்கார்ந்து பிள்ளையின் இடர்ப்பாட்டைப் பார்த்தாரே, அது எங்களுக்குப் பிடித்திருக்கிறது. (பெற்றோர் தினத்தன்று முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்திட்டதும் புறப்பட்டுவிடும் தந்தையர் கவனிக்க!)

எங்கள் வகுப்பு அனுபவத்தையே சொல்கிறோம். வட்டத்துக்குத் தொடுகோடு வரையும் பாடத்தைக் கரும்பலகையில் நடத்தும்போது, டீச்சர் பெரிய காம்பஸை ஊன்றி ஒவ்வொரு கோடாக இழுப்பார். எங்கள் கையும் கூடவே போகும். அதே படம் திரையில் முழுதாக வந்து நின்றால், எது முதல், எது அடுத்து என்று புரியாமல் விழிக்கிறோம். மாறாக, இதயத்தின் வால்வுகள் திறந்து மூடுவதைத் திரையில் அசையும் படமாகப் பார்த்த அன்று, இரத்த ஓட்டம் மனப்பாடம் செய்யாமலே மனத்தில் பதிந்தது. ஆகவே சுண்ணக்கட்டியா திரையா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை. எந்தப் பாடத்துக்கு எது என்று தேர்ந்து சொல்ல ஒருவர் வேண்டும்.

திரையில் பத்து வரிகளை எழுதி வைத்து, அதையே வரி விடாமல் வாசித்துக் காட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. கண் ஒரு வேகத்தில் படிக்கிறது. காது வேறு வேகத்தில் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே மனம் அல்லாடுகிறது. எங்களுக்குத் தூக்கம் வருவதற்கு மதிய உணவு மட்டுமே காரணமன்று! கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மேயர் என்னும் அறிஞர் இதைப் பல சோதனைகளில் ஆராய்ந்திருக்கிறார். படத்தைக் காட்டி வாயால் விளக்குவது நன்று. அதே சொற்களைத் திரையிலும் எழுதிக் காட்டினால் பெரும்பாலும் கற்றல் குறைகிறது என்பது அவர் கண்டது. இது ஓர் ஆசிரியைக்குத் தெரிந்தால் அவர் நாளையே பத்து வரிகளை அழித்துவிட்டு ஒரு படத்தை வைப்பார். செலவு ஒரு காசும் இல்லை.

இன்னொன்று. நாம் படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20 சதவீதம், பார்ப்பதில் 30 சதவீதம் நினைவில் நிற்கும் என்ற அட்டவணையைக் கல்விக் கூட்டங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் எட்கர் டேல் என்ற பெயர் இருக்கும். டேல் 1946இல் தம் நூலில் "அனுபவக் கூம்பு" என்று ஒரு படம் வரைந்தது உண்மை. ஆனால் அதில் அவர் எந்தச் சதவீதமும் போடவில்லை. எண்களைப் பிறர் பின்னால் ஒட்டினார்கள். முறையாகப் படித்த ஆசிரியை ஒருவர் இருந்தால், "இந்தக் கணக்கை எடுத்தது யார்?" என்று எழுந்து கேட்பார். விற்பவர் சொல்வதையெல்லாம் வாங்காதிருக்கவும் படிப்பு வேண்டும் அன்றோ?

நம் நாட்டுக்கு இது புதிதன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளின் துணையுடன் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழியே பாடங்களும் பிற நிகழ்ச்சிகளும் சென்றன. 'சைட்' என்பது அத்திட்டத்தின் பெயர். குழந்தைகளுக்குப் பாடம் ஒளிபரப்பியதோடு நில்லாமல், ஆயிரக்கணக்கான தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியையும் அதிலேயே சேர்த்தார்கள். 1984இல் 'கிளாஸ்' என்ற திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்குக் கணினிகள் சென்றன. நம் மாநிலத்தில் 2018 முதல் புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. கருவிகளுக்குக் குறைவில்லை.

2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது நாங்கள் சிறுமிகள். வகுப்பறையில் பேசுவது போலவே நாற்பது நிமிடம் கைப்பேசியில் பேசினார்கள் பாவம், நம் ஆசிரியைகள்! வீட்டில் ஒரே கைப்பேசி. அண்ணனுக்கு ஒரு வகுப்பு, தங்கைக்கு ஒரு வகுப்பு. அப்பா வேலைக்குப் போகும்போது கைப்பேசியும் போய்விடும். தொலைவில் இருப்பவருக்குப் பாடம் எழுதுவது எப்படி என்பது அன்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமன்று. சிறு பகுதி, அதன் முடிவில் ஒரு கேள்வி, சரிபார்க்க விடை என்று எழுதும் கலையை 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை பல ஆண்டுகளாகச் செய்துவந்தன. அந்த அறிவு பல்கலைக்கழகங்களில் இருந்தது. பள்ளி ஆசிரியைகளிடம் வந்து சேரவில்லை. நான்கு தாள்களில் அப்படி ஒரு பாடம் கிடைத்திருந்தால், கைப்பேசி இல்லாத எங்கள் தோழியர் சிலர் பின்னங்களைக் கற்காமலே மேல்வகுப்புக்கு வந்திருக்க மாட்டார்கள். அவர்கள் இன்று எங்களோடு அரசுப் பொதுத்தேர்வை எதிர்நோக்கி இருக்கிறார்கள்.

பி.எட். படிப்பில் இதெல்லாம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் பத்தோடு பதினொன்றாக இருக்கிறது. மேலும் இருபது ஆண்டுகளுக்கு முன் பி.எட். முடித்த ஆசிரியைக்கு அன்று கற்றது ஓ.எச்.பி. எனும் ஒளிப்படக் கருவி மட்டுமே. வகுப்பு நடத்திப் பழகியபின் மேற்படிப்புக்குச் சென்றால், எதைக் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்த வகையில் இளம் பட்டதாரியைவிட அவரே நல்ல மாணவி.

படிக்க இடமும் உண்டு. திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கல்வித் தொழில்நுட்பத்துக்குத் தனித்துறை இருக்கிறது. கார்வே பெருந்தகை பெண்களுக்காகவே 1916இல் நிறுவிய, மும்பையிலுள்ள எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்திலும் அப்படியே. மும்பை ஐ.ஐ.டி.யில் 2010 முதல் இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வு நடக்கிறது.

தடை வேறிடத்தில் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டி, பிள்ளைகளை அனுப்பி, பேருந்து பிடித்து வந்து, மாலையில் விடைத்தாள் கட்டுகளுடன் திரும்பும் ஆசிரியை எப்போது படிப்பார்? கட்டணம் யார் தருவார்? சம்பளமில்லா விடுப்பு என்றால் குடும்பம் என்னாகும்? "படிக்க விருப்பமுள்ளவர் படிக்கலாம்" என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் யாரும் படிக்கப்போவதில்லை. கட்டணத்தைப் பள்ளி ஏற்று, வாரத்தில் ஒரு நாள் வகுப்புச் சுமையைக் குறைத்து, முடித்து வருபவருக்குச் சிறிது ஊதிய உயர்வும் தர வேண்டும். வந்தபின், சக ஆசிரியைகளின் பாடங்களைத் திட்டமிட உதவுவதற்கென வாரம் இரண்டு பிரிவேளைகள் அவருக்கு விட்டுவைக்க வேண்டும். இல்லையேல் ஒரு சான்றிதழ் சட்டமிட்டு மாட்டப்படும், அவ்வளவுதான்.

"டீச்சர் படிக்கப் போய்விட்டால் எங்கள் பெண்களுக்குப் பாடம்?" என்று அம்மாக்கள் கவலைப்படுவது நியாயமே. பொதுத்தேர்வு எழுதும் வகுப்பின் ஆசிரியையை அந்த ஆண்டு அனுப்ப வேண்டாம். மற்றபடி, வாரத்தில் அந்த ஒரு நாள் ஆறாம் ஏழாம் வகுப்புத் தங்கைகளுக்கு வாய்ப்பாடும் இலக்கணமும் சொல்லிக்கொடுக்க, இவ்வாண்டு மேல்நிலை வகுப்புக்குப் போகும் எங்களில் பன்னிரண்டு பேர் இப்போதே பெயர் கொடுக்கத் தயார்.