கரை யாருக்கு?

இலண்டனிலிருந்து ஏறத்தாழ 11 மணிநேரம் பறந்து, கட்டுநாயக்காவில் இறங்கிப் பாசிக்குடாவின் உல்லாச விடுதியை அடையும் விருந்தாளிக்குச் செவ்விளநீர் காத்திருக்கின்றது. “எத்துணை அமைதியான கரை!” என அவர் அகமகிழ்கின்றார்.

அவ்வமைதி இயற்கை தந்ததா? 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், கிழக்கிலே கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென்றது அரசு. உல்லாச விடுதிகளுக்கோ விலக்களித்தது. பேரலை ஏழையின் குடிசையை மட்டுமா தேடி வரும்? பின்னர் அவ்விதி தளர்ந்தது; நீதி பிறக்கவில்லை. 2009இல் போர் ஓய்ந்ததும் பாசிக்குடாவில் விடுதிகள் வரிசையாய் எழுந்தன; மீனவரின் தோணிகள் ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டன.

விருந்தாளியை நாம் பகைக்கவில்லை. கரையைப் பண்டமாக்கியோரையே சாடுகின்றோம். கரை, வலையிழுப்பவனின் தொழிற்களம். அவனுடைய தோணிக்கு இடம் விட்ட பின்னரே விருந்துக்குப் பந்தி விரியுங்கள்!