ஹாக்கியில யாரு நம்பர் ஒண்ணு? - ஒரு முத்தையாபுரத்துக் கணக்கு

விளையாட்டு ரசிகன் எல்லாருக்கும் பொதுவா ஒரு வியாதி உண்டு. பட்டியல் போடறது. சச்சினா லாராவான்னு ஆரம்பிச்சா டீ ஆறி ஆடை கட்டினாலும் பேச்சு முடியாது. இந்தப் பதிவும் அந்த ரகம்தான். முதல்லயே சொல்லிட்டேன், அப்புறம் பின்னூட்டத்துல வந்து மொக்கைன்னு திட்டக்கூடாது :-)

சமாச்சாரம் ஹாக்கி. தூத்துக்குடி மாவட்டத்துக்காரன் ஹாக்கி பத்தி எழுதலேன்னா வேற யாரு எழுதுவா? எங்க முத்தையாபுரத்துல உப்பளமும் துறைமுகத்துக்குப் போற லாரியும்தான் கண்ணுல படும். ஆனா வடமேற்கால ஒரு அறுபது கிலோமீட்டர் போனீங்கன்னா கோவில்பட்டி. கடலைமிட்டாய்க்கு அடுத்தபடியா அந்த ஊருக்குப் பேரு வாங்கிக் குடுத்தது ஹாக்கிதான். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கிற ஊரு. 2022-ல ஜகார்த்தா ஆசியக் கோப்பையில இந்திய அணிக்கு ஆடுன மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்ப் பையன்.

அந்தப் பக்கம் ஹாக்கி பேசுற பெரியவங்க யார்கிட்ட வாயைக் குடுத்தாலும் ஒரு வரி கண்டிப்பா வரும்: "நாம எட்டுத் தங்கம் வாங்குன நாடு தம்பி." உண்மைதான். ஒலிம்பிக் ஆண்கள் ஹாக்கியில 1928, 1932, 1936, 1948, 1952, 1956, 1964, 1980-ன்னு எட்டுத் தங்கம். வேற எந்த நாட்டுக்கும் இதுல பாதிக்கு மேல கிடையாது. அதனால 'எல்லாக் காலத்துக்கும் சிறந்த அணி இந்தியா'ன்னு முடிச்சிடலாமா? தங்கத்தை எண்ணினா மட்டும் போதுமா? இதான் கேள்வி.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் இல்லீங்க. கனடாவுல ஐஸ் ஹாக்கிக்காரங்களுக்கும் இதே பஞ்சாயத்துதான். அங்க ஸ்டான்லி கோப்பைதான் எல்லாம். மாண்ட்ரியால் கனேடியன்ஸ் 24 தடவை ஜெயிச்சு முதலிடம். டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் 13, டெட்ராய்ட் ரெட் விங்ஸ் 11. ஆனா கொஞ்சம் தோண்டிப் பாருங்க. 1942-லேருந்து 1967 வரைக்கும் அந்த லீக்ல மொத்தமே ஆறு அணி. அந்த 25 சீசன்ல மாண்ட்ரியால் 10, டொரண்டோ 9 கோப்பையைத் தூக்கியிருக்கு. ஆறு பேர் ஓடுற பந்தயம்! 2021-லேருந்து அங்க 32 அணி. மாண்ட்ரியால் கடைசியா ஜெயிச்சது 1993-ல. டொரண்டோ 1967-ல. அதுக்கப்புறம் 2025 வரைக்கும் ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லை. ஸ்கார்பரோவுல குடியேறின நம்ம ஈழத்து ஆளுங்க பல பேர் மேப்பிள் லீஃப்ஸ் ரசிகர்கள். அவங்க அங்க போய்ச் சேந்ததுக்கு அப்புறம் ஒரு கோப்பை கூடப் பாக்கலை, பாவம்.

ஆறு பேர்ல முதலா வர்றதும் 32 பேர்ல முதலா வர்றதும் ஒண்ணா? ஒண்ணில்லைன்னு பள்ளிக்கூடத்துல ரேங்க் அட்டை வாங்கின எவனுக்கும் தெரியும்.

ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. நான் ஒரு சின்ன அளவுகோல் வச்சுக்கிட்டேன். ஒரு போட்டியில எத்தனை அணி கலந்துக்கிச்சோ, ஜெயிச்ச அணிக்கு அத்தனை மார்க். மூணு அணி ஆடினா மூணு மார்க், பதினாறு ஆடினா பதினாறு. ஆண்கள் ஒலிம்பிக் (1908-லேருந்து 2024 வரைக்கும் 25 தங்கம்), உலகக் கோப்பை (1971-லேருந்து 2023 வரைக்கும் 15 கோப்பை) ரெண்டையும் சேத்துக்கிட்டேன். வெள்ளி, வெண்கலத்துக்கு மார்க் இல்லை. மேற்கு ஜெர்மனி ஜெயிச்சதை ஜெர்மனி கணக்குல எழுதிட்டேன்.

முதல்ல நம்மாளுங்க:

1928 ஆம்ஸ்டர்டாம் - 9 அணி
1932 லாஸ் ஏஞ்சல்ஸ் - 3
1936 பெர்லின் - 11
1948 லண்டன் - 13
1952 ஹெல்சிங்கி - 12
1956 மெல்போர்ன் - 12
1964 டோக்கியோ - 15
1980 மாஸ்கோ - 6
1975 உலகக் கோப்பை, கோலாலம்பூர் - 12

கூட்டிப் பாத்தா 93.

பாகிஸ்தான்: ஒலிம்பிக் 1960 (16), 1968 (16), 1984 (12). உலகக் கோப்பை 1971 (10), 1978 (14), 1982 (12), 1994 (12). மொத்தம் 92. ஒரே ஒரு மார்க் கம்மி!

ஜெர்மனி: ஒலிம்பிக் 1972 (16), 1992 (12), 2008 (12), 2012 (12). உலகக் கோப்பை 2002 (16), 2006 (12), 2023 (16). மொத்தம் 96.

பின்னாடியே நெதர்லாந்து 72, ஆஸ்திரேலியா 48, பெல்ஜியம் 28, பிரிட்டன் 22, அர்ஜென்டினா 12, நியூசிலாந்து 11.

அதாவது பட்டத்தை எண்ணினா இந்தியா 9, பாகிஸ்தானும் ஜெர்மனியும் ஆளுக்கு 7. நாம தனியா மேல நிக்கிறோம். போட்டியோட கனத்தைச் சேத்து எண்ணினா ஜெர்மனி முதல்ல, நாம ரெண்டாவது, மூணாவது ஆளு நம்ம கழுத்துல மூச்சு விடுறான்.

"யோவ், ஜெர்மனிக்காரன் உனக்கு என்ன குடுத்தான்?"னு ஒரு குரல் கேக்குது. இருங்க, எதிர்க் கேள்வி எல்லாத்தையும் நானே கேட்டுக்கறேன்.

1. "வராதவனை எப்படித் தோக்கடிக்கிறது? நம்ம தப்பா?"

நம்ம தப்பே இல்லை. 1932-ல லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தது இந்தியா, ஜப்பான், அமெரிக்கா மட்டும்தான். ஜப்பானை 11-1, அமெரிக்காவை 24-1ன்னு அடிச்சோம். ஆடின ரெண்டு ஆட்டத்துலயும் தோத்த அமெரிக்கா வெண்கலத்தோட வீட்டுக்குப் போச்சு! 1980 மாஸ்கோவுல ஆப்கானிஸ்தான் விவகாரத்தால பல நாடு புறக்கணிச்சு, ஆறு அணிதான் மிச்சம். ஃபைனல்ல ஸ்பெயினை 4-3ன்னு ஜெயிச்ச அந்த அணிக்குக் கேப்டன் நம்ம தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். அந்தத் தங்கம் தங்கம்தான், யாரும் பிடுங்க முடியாது. ஆனா பட்டியல்ங்கிறது ஒப்பிடறதுக்குத்தானே? பதினாறு அணிக்கு நடுவுல ஜெயிச்சதுக்கும் இதுக்கும் ஒரே மார்க் போட்டா அவனுக்கு அநியாயம். சலுகை நமக்கு மட்டும் இல்லை, பிரிட்டனோட 1908 தங்கத்தைப் பாருங்க. ஆடின ஆறு அணியில நாலு இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ். வீட்டுக்குள்ளயே நடத்தின பந்தயம் :-)

2. "எண்ணிக்கை பெருசா இருந்தா தரமும் பெருசா?"

நல்ல கேள்வி. 16 அணியில நாலஞ்சு சும்மா ஊர் பாக்க வந்த அணியாவும் இருக்கலாம். இந்த அளவுகோலோட ஓட்டை இது. இதனால 1948-க்கு நியாயம் கிடைக்கலேன்னு நானே சொல்வேன். 1928, 1932, 1936 மூணுக்கும் பிரிட்டன் அணி வரவேயில்லை. 1948-ல வந்துச்சு, அதுவும் சொந்த ஊர்ல. சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம் முழுசா முடியலை, வெம்ப்ளியில வச்சு 4-0. அதுக்கு 13 மார்க் எப்படிப் பத்தும்? ஆனா உணர்ச்சிக்கு மார்க் போட ஆரம்பிச்சா ஒவ்வொரு நாட்டுக்காரனும் ஒரு வெம்ப்ளி கொண்டாருவான்.

3. "செயற்கைத் தரை வந்துதான் நம்மளைக் கெடுத்துச்சு."

இது பழைய பாட்டு. 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கிலேருந்து செயற்கைத் தரை. நமக்கு அது பெரிய அடிதான், ஒத்துக்கலாம். புல்தரையில பந்தை ஒட்டி வச்சுக்கிட்டு வளைச்சு வளைச்சுப் போற ஆட்டம் நம்மளது. ஆனா அதே ஆட்டம் ஆடின பாகிஸ்தான் 1984 ஒலிம்பிக்கையும் 1994 உலகக் கோப்பையையும் செயற்கைத் தரையிலதான் ஜெயிச்சுது. அதனால தரை மேலயே எல்லாப் பழியையும் போட முடியாது.

4. "1947-க்கு முன்னாடி வாங்கினது யாரோடது?"

இதைத்தான் யாரும் கேக்கறதில்லை. 1936-ல இந்தியாவுக்காக ஆடித் தங்கம் வாங்கின அலி இக்திதார் ஷா தாரா, 1948-ல பாகிஸ்தான் அணிக்குக் கேப்டன். அப்ப பெர்லின் தங்கத்துல அவர் பங்கை எந்தக் கணக்குல எழுதுறது? பிரிவினைக்கு முன்னாடி வாங்கின மூணு தங்கத்தோட 23 மார்க்கைப் பொதுச் சொத்துன்னு ஒதுக்கி வச்சுப் பாத்தேன். ஜெர்மனி 96, பாகிஸ்தான் 92, நெதர்லாந்து 72, இந்தியா 70. நாலாவது!

இன்னும் சுருக்கி 1981-லேருந்து மட்டும் எண்ணினா? ஜெர்மனி 80, நெதர்லாந்து 60, ஆஸ்திரேலியா 48, பாகிஸ்தான் 36. இந்தியா முட்டை.

சரி, இவ்வளவு கூட்டிக் கழிச்சு என்ன சொல்ல வர்றேன்?

என் தீர்ப்பு: எல்லாக் காலத்துக்கும் சேத்து ஜெர்மனி ஒண்ணு, இந்தியா ரெண்டு, பாகிஸ்தான் மூணு. ஜெர்மனியை மேல வைக்க மார்க் மட்டும் காரணம் இல்லை. 2004-லேருந்து 2024 வரைக்கும் நடந்த ஆறு ஒலிம்பிக்கிலயும் அவங்க முதல் நாலுக்குள்ள இருந்தாங்க. வெண்கலம், தங்கம், தங்கம், வெண்கலம், நாலாவது, வெள்ளி. உச்சிக்கு ஏறறது ஒரு திறமைன்னா, கீழ விழாம நிக்கிறது அதைவிடப் பெரிய திறமை. நாம 1986 உலகக் கோப்பையில 12 அணியில கடைசி, நமக்கு ஒரு படி மேல பாகிஸ்தான். 2008 பெய்ஜிங்குக்குத் தகுதியே பெறலை. 2012 லண்டன்ல மறுபடி கடைசி. பாகிஸ்தான் 2016, 2020, 2024 மூணு ஒலிம்பிக்குக்கும் போகவேயில்லை. ரெண்டு பெரிய வீடும் ஒரே மாதிரி சரிஞ்சுது.

எங்க ஊரை வச்சே ஒரு உதாரணம். தூத்துக்குடிக்கு முத்துநகர்னு பேரு. சென்னைக்குப் போற ரயிலுக்கும் முத்துநகர் எக்ஸ்பிரஸ்னு பேரு. ஆனா இங்க கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. அந்தப் பேரு எங்களுக்குப் பெருமைதான், யாராவது மாத்தச் சொன்னா நானே சண்டைக்குப் போவேன். ஆனா முத்தை நம்பி இங்க யாரும் உலை வைக்கிறதில்லை. உப்பும், மீனும், துறைமுகமும்தான் சோறு போடுது. பேரு வேற, பிழைப்பு வேறன்னு இந்த ஊருக்குத் தெரியும். ஹாக்கியில நமக்கு அது இன்னும் புரியலையோன்னு தோணுது.

எனக்கு நிஜமாவே வலிக்கிற இடம் இதுதான். டோக்கியோவுல (2020 ஒலிம்பிக், நடந்தது 2021-ல) ஜெர்மனிகிட்ட 1-3ன்னு பின்தங்கியிருந்து 5-4ன்னு ஜெயிச்சு வெண்கலம் வாங்கினோம். 41 வருஷம் கழிச்சு ஒரு பதக்கம். பாரிஸ்ல கால் இறுதியில அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளிய போக, பத்துப் பேரோட பிரிட்டனைத் தாக்குப் பிடிச்சு, ஷூட் அவுட்ல ஜெயிச்சு, கடைசியில ஸ்பெயினை 2-1ன்னு தோக்கடிச்சு மறுபடி வெண்கலம். அப்பவும் நம்மாளுங்க சில பேர், "எட்டுத் தங்கம் வாங்குன நாடு, வெண்கலத்துக்குக் குதிக்குது பாரு"ன்னு சொன்னாங்க. என் அளவுகோல்ல வெண்கலத்துக்கு மார்க் கிடையாது. இருந்தாலும் சொல்றேன், 12 வலுவான அணிக்கு நடுவுல வாங்கின டோக்கியோ வெண்கலம், மூணு அணி ஆடின 1932 தங்கத்தைவிடக் கனம். திட்டுறவங்க திட்டலாம்.

கோவில்பட்டியில விடிகாலையில மட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடுற பயலுக்குத் தாத்தா காலத்துத் தங்கத்தைக் காட்டி, "இது இல்லேன்னா நீ ஒண்ணுமில்லை"ன்னு சொல்றது அநியாயம். அவன் ஆடப்போறது 1932-ல இல்லை. ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, பெல்ஜியம்னு நாலு பக்கமும் சுவர் நிக்கிற காலத்துல. பட்டியலைப் படிக்கக் குடுங்க, தப்பில்லை. பாஸ்கரன் யாரு, தாரா யாருன்னு தெரிஞ்சுக்கட்டும். அவனை அளக்கிற முழக்கோலா மட்டும் அதை எடுத்துடாதீங்க. அவனை அளக்கிறதுக்கு அவன் காலத்து ஆட்டம் போதும்.

மக்களே, இந்தக் கணக்குல உங்களுக்கு உடன்பாடு இல்லேன்னா உங்க அளவுகோலைச் சொல்லுங்க. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் மார்க் போட்டு யாராவது ஒரு எதிர்ப்பதிவு போட்டீங்கன்னா முதல் பின்னூட்டம் என்னோடது.

டிஸ்கி: இதே கணக்கை ஐபிஎல்லுக்குப் போடுன்னு எப்படியும் ஒருத்தர் கேப்பீங்க. 2025 வரைக்கும் சென்னைக்கும் மும்பைக்கும் ஆளுக்கு அஞ்சு கோப்பை. கலந்துக்கிட்ட அணியை வச்சு எண்ணினா சென்னை 44, மும்பை 41. இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லலை சாமி, ஆளை விடுங்க :-)