பேட்டரிய மாத்திப் பாத்துரலாம் சார்!

கார் ஸ்டார்ட் ஆகலை. இந்த மூணு வார்த்தையை நம்ம ஊர்ல எங்க சொன்னாலும் பதில் ரெண்டே ரெண்டு தான். ரோட்டுல சொன்னா "எல்லாரும் எறங்கித் தள்ளுங்கப்பா". சர்வீஸ் சென்டர்ல சொன்னா "பேட்டரிய மாத்திப் பாத்துரலாம் சார்". ரெண்டுலயும் ஒரு ஒத்துமை இருக்கு, கவனிச்சீங்களா? சொல்றவர் ரெண்டு பேருமே வண்டிக்கு என்ன ஆச்சுன்னு இன்னும் பாக்கவே இல்லை.

தமிழ்நாட்டுல லாட்டரி சீட்டை 2003லயே தடை பண்ணிட்டாங்க. ஒர்க்‌ஷாப்ல மட்டும் இன்னும் ஜோரா நடக்குது. பேட்டரிய மாத்துவோம், விழலைன்னா ஸ்டார்ட்டர் மோட்டாரை மாத்துவோம், அதுவும் விழலைன்னா ஒயரிங் மொத்தமா மாத்துவோம். ஏதாவது ஒரு சீட்டுக்குப் பரிசு விழும். சீட்டுக் காசு மட்டும் நம்மளது.

நான் பொட்டி தட்டிப் பொழைக்கிறவன். எங்க டீம்ல புதுசா சேர்ந்த ஒரு பையன், லாக் ஃபைலைத் திறந்து கூடப் பாக்காம மூணு எடத்துல கோடை மாத்திட்டு "இப்போ ஓடுதான்னு பாருங்க"ன்னு வந்து நின்னான்னா அன்னிக்கு அவனுக்குத் தீபாவளி தான். ஏன்னா, ஓடினாலும் எதனால ஓடுச்சுன்னு தெரியாது. நாளைக்கு மறுபடி நிக்கும். அதே டீம்ல அந்தப் பையனை வறுத்தெடுக்கிற அதே பெரிய தலை, தன்னோட கார் விஷயத்துல மட்டும் "அவங்க சொன்னா சரியாத் தான் இருக்கும்"னு கார்டைத் தேய்ச்சுட்டு வந்துடறார். ஏன் சார், உங்க ஆபீஸ் பக் மட்டும் தான் பக்கா?

இத்தனைக்கும் காருக்கும் லாக் இருக்கு. சாவியைத் திருப்பும்போது காதையும் கண்ணையும் திறந்து வெச்சா போதும், தனக்கு என்ன வலின்னு அதுவே சொல்லும்.

1. சாவியைத் திருப்பினா டேஷ்போர்டுல விளக்கே இல்லை, ஹாரனும் இல்லை: பேட்டரி சுத்தமா இறங்கியிருக்கு, இல்லைன்னா டெர்மினல் கழண்டிருக்கு. பானெட்டைத் திறந்து டெர்மினலைக் கையால ஆட்டிப் பாருங்க. ஆடுச்சுன்னா கதை முடிஞ்சுது.

2. "டிக் டிக் டிக் டிக்"னு வேகமா அடிச்சுக்குது, விளக்கு மங்குது: வோல்டேஜ் பத்தலை. பேட்டரி வீக்கா இருக்கலாம், டெர்மினல்ல வெள்ளையா பச்சையா பூத்துப் போயும் இருக்கலாம். பூத்ததைச் சுடுதண்ணியும் சமையல் சோடாவும் போட்டுத் தேய்ச்சாலே பல வண்டி எழுந்துக்கும். கழட்டும்போது மைனஸை முதல்ல கழட்டணும், மாட்டும்போது கடைசியா மாட்டணும்.

3. ஒரே ஒரு "டொக்". அப்புறம் அமைதி. ஆனா விளக்கு பளிச்னு எரியுது: ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கமோ, அதுக்குப் போற பெரிய ஒயர் பக்கமோ, எர்த் பக்கமோ கோளாறு.

4. சத்தமே இல்லை, விளக்கெல்லாம் ஜம்முனு எரியுது: ஸ்டார்ட்டருக்கு உத்தரவே போகலை. ஃபியூஸ், ரிலே, இக்னிஷன் ஸ்விட்ச். அதுக்கெல்லாம் முன்னாடி, கிளட்ச்! கியர் போட்டு ஓட்டற புது வண்டிகள் நிறையவற்றில் கிளட்சை அடி வரைக்கும் மிதிச்சா தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்டு போகும். பெடலுக்குக் கீழ மேட் சுருண்டு கிடந்தா முழுசா மிதிபடாது. சில வண்டிகள்ல பெடல் போய் ஸ்விட்சை அழுத்தற எடத்துல ஒரு சின்ன ரப்பர் பொத்தான் இருக்கும். வருஷக்கணக்குல வெயில்ல காஞ்சு உதிர்ந்து விழுந்துரும். மேட்டையும் அந்தப் பொத்தானையும் பாக்காம பேட்டரி மாத்தினா எப்படி இருக்கும்? கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கு, நீங்க காலிங் பெல்லை மாத்தறீங்க.

5. என்ஜின் நல்லா சுத்துது, ஆனா பிடிக்க மாட்டேங்குது: இங்க பேட்டரியைப் பத்திப் பேச்செடுத்தாலே அவரை நம்பாதீங்க. சுத்தற அளவுக்குத் தெம்பு இருக்கே! பெட்ரோல் வருதா, ஸ்பார்க் வருதா, இம்மொபிலைசர் தடுக்குதா, இந்த மூணு தான் கேள்வி. சாவியை ஆன் பண்ணினதும் பின் சீட்டு பக்கம் ரெண்டு செகண்டு "ம்ம்ம்"னு பம்ப் முனகுதான்னு கேளுங்க. டேஷ்போர்டுல சாவி படம் மினுக்குதுன்னா வண்டி உங்க சாவியை அடையாளம் கண்டுக்கலை, இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்க. டீசல்னா சுருள் சுருளா ஒரு விளக்கு எரியும், அது அணையற வரைக்கும் பொறுத்துட்டுத் தான் சாவியைத் திருப்பணும்.

இவ்வளவு தான். அஞ்சு நிமிஷம். இதுக்கு ஐஐடி போக வேண்டாம்.

மூணாவது கேஸ்ல "லைட் தான் நல்லா எரியுதே, அப்புறம் ஏன் சுத்த மாட்டேங்குது?"ன்னு கேப்பாங்க. முதல் வருஷம் பேசிக் எலக்ட்ரிக்கல்ல மனப்பாடம் பண்ணி எழுதினோமே, ஓம் விதி, அது இங்க தான் உதவும். வோல்டேஜ் = கரண்ட் × ரெசிஸ்டன்ஸ். எங்கயோ ஒரு நட்டு லூசாகி வெறும் 0.03 ஓம் சேர்ந்துருச்சுன்னு வெச்சுக்கோங்க. 55 வாட் ஹெட்லைட் ரெண்டும் சேர்ந்து இழுக்கறது சுமார் 9 ஆம்பியர். அந்த நட்டு வழியா அது போனாலும் கால் வோல்ட்டு கிட்ட தான் நஷ்டம், விளக்குல வித்தியாசமே தெரியாது. ஆனா ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல இழுக்கும். 100 × 0.03 = 3 வோல்ட் அந்த நட்டுலயே காலி. 12 வோல்ட்ல 3 போனா மோட்டார் எங்கேர்ந்து சுத்தும்? நாலு வருஷம் ஃபீஸ் கட்டிப் படிச்சது ஆன்சைட் போறதுக்கு மட்டும் தானா மக்களே?

இப்போ எனக்கு ஏன் இவ்வளவு கடுப்புன்னு சொல்றேன். எங்க அபார்ட்மெண்ட் மூணாவது மாடி அங்கிள், பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவர். பத்து வருஷ பெட்ரோல் வண்டி. சில நாள் ஸ்டார்ட் ஆகும், சில நாள் "டொக்" மட்டும். ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல விட்டார். முதல் தடவை புது பேட்டரி, 5,400 ரூபாய். பத்து நாள்ல மறுபடி "டொக்". ரெண்டாவது தடவை ஸ்டார்ட்டர் மோட்டார், 8,600 ரூபாய். ஆக மொத்தம் 14,000. ஏசி ரூம்ல காபி குடுத்தாங்களாம். ஒரு வாரத்துல மறுபடியும் "டொக்".

கடைசியா தெருமுனை ஷெட்ல இருக்கற பாய் வந்தார். சாவியைத் திருப்பச் சொல்லிக் கேட்டார். ஹெட்லைட்டைப் பாத்தார். ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸ்லயும் இன்னொரு முனையை நேரா என்ஜின் இரும்புலயும் கவ்வ வெச்சுட்டு "இப்போ போடுங்க சார்"னார். வண்டி சீறிக்கிட்டு ஸ்டார்ட் ஆச்சு. கேபிளை எடுத்தார், மறுபடி "டொக்". கியர்பாக்ஸ்ல இருந்து பாடிக்கு வர்ற எர்த் ஒயர்ல நட்டு லூசு, அடியில துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு முடுக்கினார். பத்து நிமிஷம். 200 ரூபாய் கேட்டார்.

அங்கிள் என்ன சொன்னார் தெரியுமா? "ஒரு நட்டை முடுக்கினதுக்கு எரநூறா? நூறு வாங்கிக்க பாய்!"

பாய் ஒண்ணும் பேசலை. நூறு ரூபாயை வாங்கி சட்டைப்பையில வெச்சுக்கிட்டு ஸ்பேனரைத் தொடைச்சுட்டுப் போயிட்டார்.

எனக்கு சர்வீஸ் சென்டர் மேல வந்த கோவத்தை விட அங்கிள் மேல தான் ஜாஸ்தி வந்தது. இந்த வியாதிக்கு வேர் அங்க தான் இருக்கு. நாம பொருளுக்குக் காசு குடுப்போம், கண்டுபிடிச்சதுக்குக் குடுக்க மாட்டோம். புது பேட்டரி டப்பாவோட வருது, பில்லு இருக்கு, கேரண்டி இருக்கு. "எர்த் லூசு"ங்கறதுக்கு டப்பா கிடையாதே! அப்போ மெக்கானிக் எதைக் கத்துப்பான்? யோசிச்சு நூறு ரூபாய் வாங்கறதை விட, யோசிக்காம பேட்டரி வித்து கமிஷன் பாக்கறது அவனுக்கு லாபம். அடுத்த தடவை பாயும் "பேட்டரிய மாத்திரலாம் சார்"னு சொன்னா அவரைக் குத்தம் சொல்ல நமக்கு வாய் கிடையாது. அப்படிச் சொல்லக் கத்துக் குடுத்ததே நாம தான்.

அடுத்து தள்ளு கோஷ்டி. செகண்ட் கியர் போட்டு, கிளட்சை மிதிச்சு, சாவியை ஆன்ல வெச்சு, வேகம் வந்ததும் கிளட்சை விட்டா சக்கரம் என்ஜினைச் சுத்தும், ஸ்டார்ட் ஆகும். அம்பாசடர் காலத்துல ஹேண்டிலே போட்டுச் சுத்தினவங்க நம்ம பெரியவங்க. ஆனா இப்போ பெட்ரோல் பம்ப், கம்ப்யூட்டர், எல்லாத்துக்கும் கரண்டு வேணும். பேட்டரி சுத்தமா செத்துருந்தா வடபழனி வரைக்கும் தள்ளினாலும் பிடிக்காது. கோளாறு ஸ்பார்க்ல இருந்தா, தள்ளத் தள்ள எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பழுக்க வெச்சுக் கெடுத்துரும். நம்ம நாட்டுல 1995ல இருந்து சென்னை மாதிரி பெருநகரங்கள்ல புது பெட்ரோல் கார்ல அது கட்டாயம். அதைப் புதுசா மாத்தற செலவுக்கு எத்தனையோ பேட்டரி வாங்கலாம். என்ஜின் ஓடாதப்போ பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லு மாதிரி இருக்கும், அதனால இறக்கத்துல உருட்டறது விளையாட்டில்லை. எல்லாத்துக்கும் மேல, ராத்திரி ஹைவேல வண்டிக்குப் பின்னாடி நின்னு தள்ளாதீங்க. பின்னாடி வர்ற லாரிக்கு உங்க சட்டை தெரியாது. ஸ்டார்ட் ஆகாத வண்டி யாரையும் கொல்லாது, அதைத் தள்ளற எடம் கொல்லும்.

"இப்போ எல்லாம் கம்ப்யூட்டர் வண்டி பாஸ், ஸ்கேனர் போட்டா சொல்லிரும்"னு ஒரு குரூப் வரும். ஸ்கேனர் சென்சார் கோளாறைச் சொல்லும். துருப்பிடிச்ச நட்டுல சென்சார் கிடையாது. "எனக்கு நேரமில்லை"னு இன்னொரு குரூப். மூணு தடவை சர்வீஸ் சென்டருக்கு லீவு போட நேரம் இருக்குல்ல?

சரி, என்ன பண்ணலாம்? ரிச்சி தெருவுல முன்னூறு நானூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்குது. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில 12.6 வோல்ட் கிட்ட காட்டினா பேட்டரியில சார்ஜ் இருக்கு. 12க்குக் கீழன்னா இறங்கிருச்சு. சாவியைத் திருப்பும்போது 9.6க்குக் கீழ விழுந்தா தான் பேட்டரி மேல சந்தேகப்படணும். என்ஜின் ஓடும்போது 14 கிட்ட இல்லைன்னா ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணலை, நீங்க எத்தனை புது பேட்டரி போட்டாலும் அது குடிச்சுரும்.

மீட்டர் வாங்க சோம்பலா? அப்போ ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "பேட்டரி போயிருச்சு சார்"னு சொன்னா, "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எத்தனை வோல்ட் காட்டுச்சு?" பதில் நம்பரா வந்தா நல்ல மெக்கானிக், அவரை விட்டுராதீங்க. பதில் "எக்ஸ்பீரியன்ஸ் சார்"னு வந்தா சாவியைத் திருப்பி வாங்கிக்கோங்க.

உங்க தெருவுலயும் ஒரு பாய் இருப்பார். பார்ட்டை மாத்தாம கோளாறை மட்டும் கண்டுபிடிச்சு சரி பண்ணினார்னா, கேட்டதை முழுசாக் குடுங்க. தயவுசெஞ்சு பேரம் பேசாதீங்க.

டிஸ்கி: பேட்டரி கடைக்காரங்க யாராவது இதைப் படிச்சுட்டு ஆட்டோ அனுப்பறதா இருந்தா, தள்ளி ஸ்டார்ட் பண்ற ஆட்டோவா அனுப்புங்க. ஓடறதுக்கு எனக்குக் கொஞ்சம் டைம் கிடைக்கும் :-)